படிவம் மாறிச் சபையேறிய இராயப்பன்

கித்துல்தெனியாத் தோட்டத்தில் இராயப்பனை "டொக்டரய்யா" என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்துத் தொரை. அவர் வாயில் "டிஸ்பென்சர்" என்றுதான் வரும். இன்னொருவர் இராயப்பனின் மனைவி ரோசலின். சாதாரண நாளில் அவர் அவளுக்கு "என்னங்க". ஏதாவது கூத்தடித்துவிட்டு வந்து நிற்கிற நாளில் மட்டும் "வாங்க டொக்டரு."

உண்மையில் அவர் டொக்டர் இல்லை. அதை அவர் யாரிடமும் மறைத்ததுமில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மருந்து கலந்து கொடுப்பதற்கான பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதித் தேறி, கொழும்பிலுள்ள மருந்தாளர் சபையின் பதிவேட்டில் பெயர் ஏறிய ஆள். கேகாலையிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை டொக்டர் வருவார். மற்ற நாட்களில் இராயப்பனே நாக்கை நீட்டச் சொல்லி, "ம்ம்" என்று ஒரு தரம் உறுமி, சிவப்புத் தண்ணியோ வெள்ளைத் தண்ணியோ ஊற்றிக் கொடுப்பார். "அந்த ம்ம்-முக்கே பாதி நோய் போயிரும். மிச்சப் பாதி தானாப் போயிரும். நடுவுல நான் எதுக்குன்னு எனக்கே வெளங்கல" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் அந்தச் சபைக்கே உறுப்பினராகப் போன கதை 1993 நவம்பரில் தொடங்கியது.

அந்தச் சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாட்டில் யார் மருந்து கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிக்கிற இடம் அது. மொத்தம் பதின்மூன்று பேர். ஆறு பேரை அமைச்சர் நேரடியாக நியமிப்பார். நாலு பேர் தாங்கள் வகிக்கும் உத்தியோகத்தின் பேரில் வந்து உட்காருபவர்கள். மீதி மூன்று பேரைப் பதிவேட்டில் பெயருள்ளவர்கள் தபால்மூலம் வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும்: அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு ஒருவர், தனியார் மருந்துக்கடைகளுக்கு ஒருவர், தோட்டங்களுக்கு ஒருவர். இந்தத் தோட்ட ஆசனத்துக்கு அதுவரை ஒருவரும் போட்டியிட்டதில்லை. யாரும் நிற்காவிட்டால் அமைச்சரே ஒருவரைப் போடலாம் என்று சட்டம் இருந்தது. அப்படிப் போடப்பட்டவர்கள் எல்லாரும் கொழும்புக்காரர்கள். தோட்டம் என்றால் வீட்டு வாசலில் ரோசாச்செடி வைக்கிற இடம் என்று நினைத்திருந்தவர்கள்.

இதெல்லாம் இராயப்பனுக்குத் தெரியாது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சபை ஒரு படிவம் அனுப்பும், அதை நிரப்பி அனுப்பாவிட்டால் பெயரை வெட்டிவிடும், அவ்வளவுதான் அவர் அறிந்தது.

அந்த நவம்பரில் வந்த உறைக்குள் இரண்டு படிவங்கள் இருந்தன. இரண்டும் சிங்களத்திலும் இங்கிலீசிலும் மட்டும். சிங்களம் அவர் வாயில் தண்ணீராய் ஓடும். எழுத்தாகப் பார்த்தால் கண் இருட்டும். இங்கிலீஷ் அப்படியல்ல. தோட்டத்தில் தொரைக்கும் பெரிய கிளாக்கருக்கும் அடுத்தபடி இங்கிலீஷ் தெரிந்தவர் தாமே என்பது அவருடைய உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே இருந்த படிவத்தைப் படித்தார். "நொமினேஷன்" என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை அவர் சேமலாப நிதிப் படிவத்தில் பார்த்திருக்கிறார். நாம் செத்துப்போனால் யாருக்கு என்று கேட்பார்கள். மனைவியின் பெயரை எழுத வேண்டும். ஆனால் மருந்தாளர் பதிவை மனைவிக்கு எப்படிக் கொடுப்பது? யோசித்துப் பார்த்து, இது தன் பெயரைத்தான் கேட்கிறது என்று முடிவுசெய்து, "எஸ். இராயப்பன்" என்று அழகாக எழுதினார்.

கீழே இன்னும் இரண்டு பேரின் கையெழுத்துக் கேட்டிருந்தது. சாட்சிக் கையெழுத்துத்தானே என்று, ரம்புக்கனைக் கடைவீதியில் பார்மசி வைத்திருந்த மஷூரிடம் ஒன்று வாங்கினார். பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சர் இருளப்பனிடம் ஒன்று வாங்கினார். இருவரும் பதிவேட்டில் உள்ளவர்கள். இருவரும் படிக்காமலேயே போட்டார்கள். மற்றப் படிவம் இதன் பிரதியாக இருக்கும் என்று நினைத்தார். தாள் நல்ல தடிப்பு. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, பவுடர் மருந்து மடிக்க வைத்துக்கொண்டார்.

மார்ச் மாதம் தொரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். அதற்கு முன் கூப்பிட்டனுப்பியது ஸ்பிரிட் போத்தல் ஒன்று காணாமற்போன நாளில். இராயப்பன் அலமாரியிலிருந்த போத்தல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். தொரை எழுந்து நின்று கை நீட்டினார்.

"கொங்கிராஜுலேஷன்ஸ், மிஸ்டர் இராயப்பன். சொல்லவே இல்லையே!"

கொழும்பிலிருந்து வந்த கடிதம் மேசையில் விரிந்து கிடந்தது. வேறு எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யாதபடியால், தோட்ட ஆசனத்துக்கு எஸ். இராயப்பன் போட்டியின்றித் தெரிவுசெய்யப்பட்டார் என்று இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். அங்கேயே, அந்த நிமிடமே, "தொரை, தப்பு நடந்துபோச்சுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"கொஞ்ச நாளாவே யோசனையில இருந்திச்சுங்க."

தன் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே இவ்வளவு சரளமாக வந்தது வேறொன்றுமில்லை என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே மஷூரின் கடைக்கு ஓடினார். மஷூர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் போட்டது சாட்சிக் கையெழுத்து இல்லையா? உங்கள முன்மொழிஞ்சிருக்கேன்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க படிச்சுப் பாக்கலையா, மஷூர் நானா?"

"நீங்க இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளாச்சே ஐயா. நீங்க கேட்டீங்க, நான் போட்டேன்."

ரோசலினிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை எடுக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள். "படிக்காமக் கையெழுத்துப் போட்டா காணி போகும்னு கேள்விப்பட்டிருக்கேன். பதவி வரும்னு இப்பத்தான் கேள்விப்படுறேன். வாங்க டொக்டரு, சாப்பிட."

தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது. தொழிற்சங்கத் தலைவர் செபமாலை டிஸ்பென்சரி வாசலில் ஒரு கூட்டம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, "நம்ம டொக்டரய்யா இனிமே கொழும்புல டொக்டர்மாருக்கெல்லாம் டொக்டரு!" என்று முழங்கினார். இராயப்பன் தலைகுனிந்து நின்றார். சனம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

முதற்கூட்டம் ஏப்ரலில். அதற்கு முந்திய வாரத்தில்தான் அவருக்குத் தன் விலை தெரிந்தது. சபைத் தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தெரிவுசெய்ய வேண்டும். டொக்டர் ஹப்புகொட என்பவருக்கு அமைச்சரின் ஆறு பேரும் ஆதரவு. டொக்டர் முணசிங்க என்பவருக்கு உத்தியோகத்தின் பேரில் வந்த நாலு பேரும், தெரிவான மற்ற இருவரும். ஆறுக்கு ஆறு. பதின்மூன்றாவது ஆள் ரம்புக்கனைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஆபீஸ் டெலிபோனுக்கு ஒரே நாளில் இரண்டு அழைப்பு. இருவரிடமும் கேட்பதற்கு இராயப்பனுக்கு ஒரு விஷயம் இருந்தது. அதை நினைத்து அவருக்கே பெருமை. படிவங்களைத் தமிழிலும் அடிக்க வேண்டும். ஏன் அது அவருக்கு அவ்வளவு முக்கியம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முணசிங்க நிதானமாகக் கேட்டார். "நியாயமான கோரிக்கை. ஆனால் நமக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. முயற்சி செய்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

ஹப்புகொட முழுதாகக் கேட்கவேயில்லை. "நிச்சயமா, நிச்சயமா மிஸ்டர் இராயப்பன்! கோட்டை ஸ்டேஷனுக்கு வாகனம் அனுப்புறேன்" என்றார்.

இராயப்பன் காலை ரயிலில் போய்க் கோட்டையில் இறங்கினார். வெள்ளை வாகனம் ஒன்று நின்றது. சாரதி இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான். நாற்பத்தைந்து வயதுவரை அவருக்கு யாரும் கதவு திறந்துவிட்டதில்லை. பஸ்சில்கூட அது பாதி வழியில் தானாகத்தான் திறந்துகொள்ளும். அந்தக் கதவு திறந்த சத்தத்திலேயே வாக்கு விழுந்துவிட்டது. ஏழுக்கு ஆறு என்று ஹப்புகொட வென்றார். முணசிங்க வந்து கைகொடுத்து, "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லை பல வருடம் இராயப்பனின் காதில் கிடந்து உறுத்தியது.

அதற்குப் பிறகு வாகனம் வரவில்லை. படிவமும் வரவில்லை. மூன்று கூட்டங்களில் அவர் நினைவுபடுத்தினார். "கவனிக்கிறோம்" என்று குறிப்பில் எழுதப்பட்டது. இடையில் அரசாங்கம் மாறியது, அமைச்சர் மாறினார், அவர் போட்ட ஆறு பேரில் நாலு பேர் மாறினார்கள். ஹப்புகொடவின் பக்கமாகக் கை உயருவது மட்டும் மாறவில்லை. இராயப்பனுக்கோ ரயிலில் போவதும், பெரிய மேசையில் தன் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் உட்காருவதும், தேநீரோடு வரும் பட்டிஸும் பிடித்துப்போயிருந்தது. அட்டையில் "டொக்டர் எஸ். இராயப்பன்" என்று தவறாக அடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காத நேரம் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பார்.

அட்டையைத் திருத்திய ஆள் ஸாஹிரா. சபைக் காரியாலயத்தின் பிரதம லிகிதர், அதாவது அங்கே பெரிய கிளாக்கர். சட்டப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்த மனுசி. மூன்றாவது கூட்டத்தில் சத்தமில்லாமல் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார். "திரு. எஸ். இராயப்பன்." இராயப்பனின் முகத்தைப் பார்த்து, "பதிவேட்டுல அப்படித்தான் சேர் இருக்கு" என்றார்.

கோட்டை ஸ்டேஷனில் அந்த நாட்களில் கடுமையான சோதனை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் பார்த்த உடனே ஒதுக்கி நிறுத்துவார்கள். இராயப்பன் சபைக் கடிதத்தைக் காட்டுவார். ஒரு நாள் கடிதத்தைப் படித்த பொலிஸ்காரர் விறைப்பாகி, அவரை விட்டுவிட்டு, தன் கைவிரலை நீட்டி, "மாத்தயா, இந்த நகச்சுத்துக்கு என்ன போடலாம்?" என்று கேட்டார். இராயப்பன் வழக்கம்போல "ம்ம்" என்று உறுமி, உப்புத் தண்ணியில் வைக்கச் சொன்னார். அன்று ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்த மற்றவர்கள், கடிதமில்லாதவர்கள், வரிசையாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரமாக வெளியே போனார். அதைப் பற்றி மட்டும் அவர் ஒருபோதும் சிரிப்பாகச் சொன்னதில்லை.

1995 செப்டம்பரில் அவரைப் பதிவுக் குழுவில் போட்டார்கள். வேறு யாரும் அதற்குப் போக விரும்பவில்லை. அவர் அதை உயர்வு என்று எண்ணிக்கொண்டார். மூன்று பேர் குழு. முதல் வேலை, 1993-இல் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களின் பெயர்களை நீக்குவது. பட்டியல் தயாராக இரண்டு வருடம் எடுத்திருந்தது. நாற்பத்தொரு பெயர்.

"இவர்களுக்கு இன்னொரு தவணை கொடுப்போமா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

இராயப்பன் தொண்டையைச் செருமினார். பதினேழு மாதமாகச் செலவழிக்காமல் சேர்த்துவைத்திருந்த இங்கிலீஷ் முழுவதும் அன்று வெளியே வந்தது. ஒழுங்கு என்றார். கடமை என்றார். ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாதவன் மருந்தை எப்படி அளப்பான் என்று கேட்டார். தவணையே கொடுக்கக் கூடாது என்று தாமே பிரேரித்தார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஸாஹிரா எழுதிக்கொண்டார்.

பட்டியலை வாசிக்கும் பொறுப்பையும் அவரே கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சின்னதாக ஒரு "ச்சொ." கலவானையில் ஒருவர், ச்சொ. கொடகவெலயில் இரண்டு பேர், ச்சொ. பதினேழாவது பெயர் இருளப்பன், பக்கத்துத் தோட்டம். அங்கே ஒரு கணம் நின்றார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பன். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான் என்று மேலே போனார். முப்பத்திரண்டாவது பெயரை அரைவாசி வாசித்துவிட்டார்.

"ராயப்பன், எஸ்., கித்துல்தெனியா குரூப், ரம்புக்..."

அவர் தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். தூரத்தில் பிடித்தார். எப்படிப் பார்த்தாலும் அதே பெயர்தான். அப்போதுதான், இரண்டு வருடத்துக்குப் பிறகு, அந்த இரண்டாவது படிவம் என்னவாக இருந்திருக்கும் என்று அவருக்கு உறைத்தது. அதில்தான் பத்தாம் நம்பர் லயத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து மடித்துக் கொடுத்திருந்தார்.

குழுத் தலைவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஸாஹிரா, அந்தப் பெயரை எடுத்துவிடுங்க" என்றார்.

"எடுக்கலாம் சேர்" என்றார் ஸாஹிரா மெதுவாக. "ஆனா இவர் தெரிவானது மார்ச் தொண்ணூத்துநாலு. பதிவு முடிஞ்சது டிசம்பர் தொண்ணூத்துமூணு. உறுப்பினரா இருக்கிறவர் பதிவு பெற்றவரா இருக்கணும்னு சட்டம்."

அரை மணி நேரத்தில் ஹப்புகொட அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாகனம் அனுப்பிய காலத்து அன்பு முகத்தில் திரும்பி வந்திருந்தது. தான் தலைவரானது ஒரே ஒரு வாக்கால். அந்த வாக்கே செல்லாது என்று எவனாவது வழக்குப் போட்டால் என்ன ஆவது என்று அவருக்குப் பயம். மேசையில் ஒரு புதுப்பிப்புப் படிவம் இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க மிஸ்டர் இராயப்பன். திகதியை மட்டும் தொண்ணூத்துமூணு நவம்பர்னு போடுங்க. கோப்பில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம்."

இராயப்பன் பேனாவை எடுத்தார். இதை அவர் மறைத்ததில்லை: எடுத்தார், மூடியையும் கழற்றினார். எழுதப் போனபோது இருளப்பனின் ஞாபகம் வந்தது. இருளப்பனுக்கும் இதே உறைதான் வந்திருக்கும். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது; தெரியாது என்பதையாவது அவன் அறிந்திருந்தான், அதனால் இரண்டையுமே நிரப்பாமல் விட்டிருப்பான். அவன் பெயர் போனால் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பூட்டுத்தான். பிள்ளைத்தாய்ச்சிகள் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஆறு மைல் நடக்க வேண்டும்.

"சேர், அப்ப மத்த நாப்பது பேருக்கும் இதே மாதிரிப் பழைய திகதி போட்டுக் குடுப்பீங்களா?"

"அது எப்படி முடியும்? தவணை கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறிவிட்டதே." ஹப்புகொட குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். "பிரேரித்தது... நீங்கள்தான்."

இராயப்பன் பேனாவை மூடினார். "நான் எந்த நல்லதையும் தெரிஞ்சு செய்யல. நான் தோண்டின குழியில நானே விழுந்தேன், மத்தவங்களும் உள்ள கிடந்தாங்க. ஏறணும்னா எல்லாரும் சேந்துதான் ஏறணும்" என்று பின்னொரு நாள் ரோசலினிடம் சொன்னார். ஆனால் அன்றே எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடவுமில்லை. அடுத்த முழுச் சபைக் கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரமும் டிஸ்பென்சரிக்குள் உட்கார்ந்து, சட்டப்படி தான் மருந்தைத் தொடலாமா என்ற கவலையில், வந்தவர்களுக்கெல்லாம் உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார். வயிற்றுவலிக்கும் அதுவே. பேதிக்கு மருந்து கேட்டு வந்த கங்காணி ஒருவர், "டொக்டரய்யாவுக்குக் கொழும்பு போய் மருந்தெல்லாம் மறந்துபோச்சு போல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

ரோசலின்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. என்ன பண்ணுவாங்க? பதவியப் பறிப்பாங்க. அது நம்ம பொருளா? ரோட்டுல கெடந்தத எடுத்தோம், ஒடையவங்ககிட்டக் குடுக்குறோம்."

கூட்டத்தில் அவர் எழுந்து நின்றபோது இங்கிலீஷ் முழுவதும் ஓடிவிட்டது. சிங்களத்தில் பேசினார். படிவத்தைப் புரியாமல் நிரப்பியதைச் சொன்னார். நொமினேஷன் என்றால் செத்த பிறகு யாருக்கு என்று கேட்பது என்று நினைத்ததைச் சொன்னார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. பூச்சி மருந்தைச் சொன்னபோது முணசிங்க கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடியட்டும் என்று இராயப்பன் காத்திருந்தார்.

"நான் படிவத்த நிரப்பத் தெரியாதவன். என்ன நம்பி நீங்க நாப்பது பேரோட பேரை வெட்டச் சொன்னீங்க. அந்த நாப்பதுல இருவத்தாறு பேர் தோட்டத்து ஆளுங்க. அவங்களும் இதே உறையப் பிரிச்சவங்கதான். நான் கொண்டாந்த பிரேரணைய நானே வாபஸ் வாங்குறேன்."

ஒருவர், "இப்போது நீங்கள் உறுப்பினரே இல்லையே, எப்படி வாபஸ் வாங்குவீர்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இராயப்பன் நின்றபடியே ஸாஹிராவைப் பார்த்தார். ஸாஹிரா சட்டப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு உறுப்பினரின் நியமனத்தில் குறை இருந்தது என்ற காரணத்துக்காக மட்டும் சபை செய்த எந்தக் காரியமும் செல்லாமற்போகாது என்று ஒரு பிரிவை வாசித்தார். அதாவது ஹப்புகொடவின் தலைமையும் செல்லும், குழுவின் தீர்மானமும் செல்லும். ஆனால் குழுவின் தீர்மானத்தை ஏற்பதா இல்லையா என்பது முழுச் சபையின் கையில்.

ஹப்புகொடவின் மூச்சு நேராக வந்தது அறை முழுக்கக் கேட்டது. தன் நாற்காலி பத்திரம் என்று தெரிந்ததும் அவருக்குத் தாராள மனம் வந்துவிட்டது. ஆறு மாதத் தவணை கொடுக்கலாம் என்று முணசிங்க பிரேரித்தார். ஹப்புகொட தாமே கை உயர்த்தினார். பன்னிரண்டு கையும் உயர்ந்தன. பதின்மூன்றாவது கை மடியில் கிடந்தது. அதற்கு உயர உரிமையில்லை.

கூட்டம் முடியுமுன்பே தோட்ட ஆசனம் காலி என்று குறிப்பில் ஏறியது. இடைநடுவில் காலியானால் அமைச்சரே நிரப்பலாம். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் மூன்று மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரை நிரப்பினார். அவர் மீதி இரண்டரை வருடத்தில் நாலு கூட்டத்துக்கு வந்தார் என்று ஸாஹிரா பிறகு சொன்னார்.

வெளியே வரும்போது ஸாஹிரா ஒரு புதுப்பிப்புப் படிவத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எந்தெந்த இடத்தில் எழுத வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். "இங்கயே நிரப்பிக் குடுத்துட்டுப் போங்க சேர். வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம்."

தோட்டத்தில் விளக்கம் சொல்வதற்காக அவர் ரயிலில் வரும் வழியெல்லாம் வார்த்தை தேடினார். தேவைப்படவில்லை. செபமாலைக்குச் செய்தி எப்படியோ முந்திக்கொண்டு வந்திருந்தது. மறுநாள் காலை பிரட்டுக்களத்தில், பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த கையோடு, "நம்ம சனத்துக்காகக் கொரல் கொடுத்ததால டொக்டரய்யாவ வெளியேத்திட்டானுங்க!" என்று அவர் பேசினார். இராயப்பன் ஓடிப்போய், "அப்படி இல்லப்பா, நான் பாரத்த மாத்தி நிரப்பிட்டேன்" என்று கத்திச் சொன்னார்.

"பாத்தீங்களா, பழிய எவ்வளவு பெருந்தன்மையாத் தன்மேல போட்டுக்கிறாரு!" என்றார் செபமாலை. சனம் கைதட்டியது.

இருளப்பன் மட்டும் விஷயம் தெரிந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பழத்தைக் கொடுத்துவிட்டு, "முதல்ல என் பேர வெட்டச் சொன்னதும் நீங்கதானாமே?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப பாதிப் பழம் போதும்" என்று சொல்லி, சீப்பை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைத் திரும்பக் கொண்டுபோனார்.

1998-இல் அடுத்த தேர்தல் வந்தது. இந்தத் தடவை இராயப்பன் தெரிந்தே நின்றார். நொமினேஷன் படிவத்தை மூன்று தடவை படித்தார்; மஷூரும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் முதல் தடவையாக இன்னொருவரும் நின்றார். கலவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் டிஸ்பென்சர் கலைச்செல்வி, முப்பத்திரண்டு வயது. தவணை கிடைத்த நாற்பத்தொரு பேரில் அவளும் ஒருத்தி. தோட்டத்து ஆசனம் என்று ஒன்று இருப்பதே இராயப்பன் அதை இழந்த கதையைக் கேட்டுத்தான் தனக்குத் தெரியும் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

இராயப்பன் பிரசாரத்துக்குக் கிளம்பினார். லீவு போட்டு, பஸ் ஏறி, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போனார். கொடகவெலயில் ஒரு டிஸ்பென்சர் அவருக்குப் பிளேன்டீ கொடுத்து, அவர் கதை முழுவதையும் விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டு, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து மறுபடி சொல்லச் சொன்னார். போகும்போது, "கதை அருமைங்க. ஆனா வோட்டு அந்தப் பிள்ளைக்குத்தான். அது பாரத்தச் சரியா நிரப்பும்" என்றார். இராயப்பனுக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

வாக்கு எண்ணுகிற நாளில் இரண்டு வேட்பாளர்களும் கொழும்புக் காரியாலயத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஸாஹிரா உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். ஒரு அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. மற்றது மேசையோடு மேசையாகக் கிடந்தது. கலைச்செல்வி நூற்றுப் பன்னிரண்டு. இராயப்பன் பதினான்கு.

படியிறங்கும்போது கலைச்செல்விக்குச் சங்கடம். வென்றவள் பேசுவதா, தோற்றவர் பேசுவதா என்று தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு நானே போட்டுக்க வெக்கமா இருந்திச்சு. என்னோட வோட்டு உங்களுக்குத்தான் போட்டேன். நீங்க?"

இராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தில் எதிர்பார்ப்பு தெரிந்தது. ஒரு நல்ல பொய் அங்கே தயாராக இருந்தது; சரளமாக வந்திருக்கும்.

"நானும் எனக்குத்தாம்மா போட்டேன்" என்றார்.

கலைச்செல்வி ஒரு கணம் விழித்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிடும் அளவுக்குச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் எதிரே இருந்த கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்தார்கள். அடுத்த கூட்டத்தில் எதை முதலில் கேட்பது என்று அவள் சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினாள். மூன்று மணி ரயிலுக்கு நேரமாகிறது என்று இராயப்பன் எழுந்தபோது அவள் ஒன்பதாவது இலக்கத்தில் இருந்தாள்.